இருட்டுக்கு வேறு திட்டம்

கண்ணோரத்தில் திடீரென்று ஒரு வெளிச்சம் வெட்டினால் மற்ற ஊர்க்காரர்கள் என்ன செய்வார்கள்? கண்ணைக் கசக்குவார்கள். பித்தம் என்று இஞ்சி தட்டிப் போட்டுக் குடிப்பார்கள். பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்களுக்கு அதெல்லாம் தோன்றாது. எழுந்து ஓடுவார்கள்.

ஆமத்தூர்ப் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் மருந்து அடைக்கிற பாண்டிச்செல்வியும் அப்படித்தான் ஓடினாள். அங்கே ரூமுக்கு நாலு பேர்தான் உட்காரலாம். அந்த நாலு பேருக்கும் நாலு வாசல். இந்தச் சின்ன ரூமுக்கு எதுக்கு அண்ணாச்சி இத்தனை வாசல் என்று புதிதாகச் சேர்கிற பிள்ளைகள் கேட்டால், போர்மேன் முத்துராமலிங்கம் "காத்துக்கு" என்பார். கொஞ்சம் பழகின பிறகு உண்மையைச் சொல்வார்: "வெளிச்சம் தெரிஞ்சா ஓடிரணும். என்ன ஏதுன்னு விசாரிக்கிறத வேப்பமரத்தடியில போய் வச்சுக்கிடலாம்."

பாண்டிச்செல்வி பாவாடை கட்டின காலத்திலேயே அந்தக் கம்பெனிக்கு வந்தவள். சோடாப்புட்டிக் கண்ணாடி போட்டிருப்பாள். "இதக் கழட்டி வெயில்ல வச்சா ரூமு பத்திக்கிடும்த்தா, அதான் மூஞ்சியிலயே வச்சிருக்கேன்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அன்றைக்கு வலது கண்ணின் ஓரத்தில் பளிச்சென்று ஒன்று வெட்டியது. "ஓடுங்கடீ" என்று கத்திக்கொண்டு வெளியே பாய்ந்தாள். அவள் ஓட, பக்கத்து ரூம் ஓட, அந்த வரிசையே ஓடி வேப்பமரத்தடியில் மூச்சு வாங்கியது. வெடிக்கவில்லை. புகைகூட இல்லை.

அது பாதுகாப்பு வாரமாக வாய்த்தது. ஆய்வுக்கு வந்திருந்த அதிகாரி மகிழ்ந்துபோனார். "விபத்து நடந்த பிறகு ஓடிய தொழிலாளிகளைப் பார்த்திருக்கிறேன். விபத்து நடப்பதற்கு முன்பே ஓடியவரை இன்றுதான் பார்க்கிறேன்" என்று மேடையில் பேசி, ஒரு எவர்சில்வர் தூக்குச்சட்டியைப் பரிசாகக் கொடுத்தார்.

இரண்டாவது தடவை ஓடியபோது பரிசு எதுவும் வரவில்லை. முத்துராமலிங்கம் அவளுடைய கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, தன் துண்டால் துடைத்துக் கொடுத்தார். மூன்றாவது தடவை ஓடியது ஆவணி மாசம், உச்ச சீசனில். வடக்கே போகிற லோடுக்கு லாரி வந்து நிற்கிறது. நூற்றைம்பது பேர் ஓடினார்கள். அவளோடு ஒரே ரூமில் வேலை பார்க்கிற சோலையம்மாளுக்குக் கால் பிசகிக்கொண்டது.

"வெளிச்சம் தெரிஞ்சுச்சு அண்ணாச்சி" என்றாள் பாண்டிச்செல்வி.

"எனக்குத் தெரியலயே."

"ஒங்களுக்கும் தெரிஞ்சிருந்தா நாம இங்கன நின்னு பேசிக்கிட்டா இருப்போம்?"

முத்துராமலிங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. போர்மேன் சிரிக்கக் கூடாது என்பதால் இருமினார். "இந்தா பாரு. சூலக்கரையில கலெக்டர் ஆபீசு தாண்டி புதுசா கண்ணு ஆராய்ச்சி ஆபீசு வந்திருக்கு. பெரிய பெரிய மிசினெல்லாம் இருக்காம். இல்லாத வெளிச்சம் இனிமே ஒனக்குத் தெரியாதுன்னு அவுககிட்ட எழுதி வாங்கிட்டு வா. அது வரைக்கும் ரூமுக்குள்ள கால் வைக்காத. மொதலாளி உத்தரவு."

மறுநாள் அவள் புருஷன், லோடு தூக்குகிற ஊர்க்காவலன், அவளை டிவிஎஸ்ஸில் கூட்டிப்போய் இறக்கினான். 'தேசிய விழித்திரை மற்றும் பார்வை நரம்பியல் உயராய்வு நிறுவனம், தென்மண்டலக் கள மையம்' என்று போர்டு. பெயர் முன்சுவரில் கொள்ளாமல் வளைந்து பக்கச் சுவரில் போய் முடிந்தது.

"போர்டே இம்புட்டு நீளம்னா உள்ள டாக்டருக எம்புட்டுப் பேரு இருப்பாக" என்றான் ஊர்க்காவலன்.

உள்ளே ஒரு இயக்குநர் இருந்தார். படம் எடுக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். வாட்ச்மேன்கள் மட்டும் மூன்று பேர்.

"இது ஆஸ்பத்திரி இல்லம்மா" என்றார் வாசலில் நின்ற வாட்ச்மேன். "கண்ணு வலி, புரை, கட்டி எதுன்னாலும் பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. கண்ணுல கோளாறுன்னு இங்கன வரக் கூடாது."

"கோளாறெல்லாம் இல்லண்ணே. இல்லாத வெளிச்சம் தெரியுது."

வாட்ச்மேன் கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டு உள்ளே ஓடினார். இப்படி ஒரு ஆள் வந்தால் உடனே சொல்ல வேண்டும் என்று நிறுவனம் திறந்த நாளிலிருந்து அவருக்கு உத்தரவு.

இயக்குநர் டாக்டர் லட்சுமிகாந்தம் ஜெர்மனியில் பல காலம் இருந்தவர். பாண்டிச்செல்வி சொல்லச் சொல்ல அவர் கண் கலங்கிவிட்டது. "வெளியே வெளிச்சம் கிடையாது. ஆனால் நீங்கள் பார்க்கிறீர்கள். அப்படியென்றால் பார்ப்பது யார்? கண்ணா? மூளையா? மனிதகுலத்தின் மிகப் பழைய கேள்வி இது."

"நான்தான் சார் பாத்தேன்" என்றாள் பாண்டிச்செல்வி, பழி வேறு யார் மீதும் விழுந்துவிடக் கூடாது என்ற கவலையில்.

விஷயம் இவ்வளவுதான். கண்ணுக்குள் நுங்குத் தண்ணீர் இறுகினது போல ஒரு கூழ் இருக்கிறது. அதன் பின்சுவரில் ஒட்டின மெல்லிய தாள்தான் விழித்திரை. தாள் என்றாலும் அது நரம்பு. மூளை தன்னில் ஒரு துண்டைக் கிள்ளி வாசலில் காவலுக்கு வைத்தது மாதிரி. கூழ் சுருங்கும்போது சிலருக்கு அந்தத் தாளைப் பிடித்து இழுக்கும். இழுத்தால் வலிக்கிறது என்று சொல்ல அந்தத் தாளுக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்த ஒரே பேச்சு வெளிச்சம். அதனால் வெளிச்சம், வெளிச்சம் என்று மூளையிடம் கத்தும். இழுத்து இழுத்து ஒருநாள் கிழியும். கிழிசல் வழியாக நீர் புகுந்தால், மழைக்குச் சுவரொட்டி உரிகிற மாதிரி விழித்திரை சுவரை விட்டு உரிந்து வரும். உரிவதற்கு முன்னால் கிழிசலைச் சுற்றி லேசரால் ஒட்டிவிட்டால் கண் பிழைத்தது. உரிந்து கிடந்து சுருண்டுவிட்டால் கண் போனது.

இதெல்லாம் டாக்டர் லட்சுமிகாந்தத்துக்குத் தெரியாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இதைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் ஒரு அத்தியாயமே அவர்தான் எழுதியிருந்தார்.

ஆனால் நிறுவனத்துக்கு ஒரு முறை இருந்தது. கண்ணைப் படம் எடுக்கலாம். எடுத்த படத்தை இங்கே யாரும் பார்க்கக் கூடாது. உறையில் போட்டு அரக்கு வைத்து டெல்லிக்கு அனுப்ப வேண்டும். ஆய்வு முடிந்த பிறகுதான் டெல்லியில் பிரிப்பார்கள். "நோயாளிக்கும் தெரியக் கூடாது, ஆராய்ச்சி செய்கிறவருக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் முடிவு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். உலகம் முழுக்க இதுதான் உயர்ந்த முறை" என்று இயக்குநர் விளக்கினார்.

"அப்ப யாருக்குத்தான் சார் தெரியும்?" என்று கேட்டான் ஊர்க்காவலன்.

"முறைக்குத் தெரியும்" என்றார் இயக்குநர்.

திட்டத்துக்கு 'அகவொளி' என்று பெயர் வைத்தார்கள். இருட்டறை. அதில் ஒரு சாய்வு நாற்காலி. கையில் வயர் வைத்த ஒரு சுவிட்சு. வெளிச்சம் வெட்டும்போதெல்லாம் சுவிட்சை அமுக்க வேண்டும். பக்கத்து அறையில் மிசின் ஒரு கோடு கிழிக்கும். மத்தியானம் சாப்பாட்டுப் பொட்டலம், சாயங்காலம் டீ, இரண்டு பிஸ்கோத்து. ஆய்வு முடிந்ததும் கம்பெனிக்குப் பேப்பர்.

முதல் இரண்டு நாள் நல்ல வெளிச்சம். மூன்றாம் நாள் வெளிச்சம் குறைந்துபோனது. பாண்டிச்செல்விக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. பாவாடை காலத்திலிருந்து அவள் பார்த்ததெல்லாம் பீஸ் வேலை. எத்தனை குழாய் அடைக்கிறாயோ அத்தனை கூலி. சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிற வேலையை அவள் கண்டதில்லை. சாயங்காலம் பிஸ்கோத்தை வாங்கும்போது கை கூசியது.

"இன்னைக்குச் சரக்குக் கம்மி சார்" என்றாள் தலையைக் குனிந்துகொண்டு.

"பரவாயில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்றார் இயக்குநர். கம்பெனிப் போர்மேனும் இப்படித்தான் சொல்லுவார், ஆனால் முகம் வேறு சொல்லும் என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் ஒரு சூட்சுமம் பிடிபட்டது. கண்ணை வெடுக்கென்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டினால் வெளிச்சம் வெட்டுகிறது. தலையையும் சேர்த்து உதறினால் இரண்டாக வெட்டுகிறது. அவ்வளவுதான், வேலை சூடு பிடித்தது. சாமி வந்தவள் மாதிரி இருட்டறையில் தலையை உதறி உதறிச் சுவிட்சை அமுக்கினாள். மிசின் மூச்சுவிடாமல் கோடு கிழித்தது. இயக்குநர் அந்தத் தாளைத் தரையில் விரித்துப்போட்டு, அதன் ஓரமாகவே நடந்து நடந்து பார்த்தார்.

"எப்படித் திடீரென்று இவ்வளவு?"

"கொஞ்சம் தலைய உதறுனா வருது சார்."

"அற்புதம். உதறுங்கள், உதறுங்கள்" என்றார் டாக்டர் லட்சுமிகாந்தம். இழுபடுகிற தாளை உதறினால் என்ன ஆகும் என்று அவருடைய அத்தியாயத்தின் இரண்டாம் பக்கத்திலேயே இருக்கிறது.

படம் எடுக்கிற பெண்ணுக்கு எழில் என்று பெயர். விருதுநகர்ப் பிள்ளை. கண் பரிசோதனைப் படிப்பு முடித்துவிட்டு ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்தாள். ஒருநாள் படம் எடுக்கும்போது திரையில் லாடம் மாதிரி ஒரு கிழிசல் தெரிந்தது. உறையை ஒட்டாமல் நேரே இயக்குநரிடம் ஓடினாள்.

"சார், கிழிஞ்சிருக்கு சார். இன்னும் உரியல. இன்னைக்கே மதுரைக்கு அனுப்பிட்டா லேசர்லயே முடிஞ்சிரும்."

இயக்குநரின் முகம் வெளுத்தது. எழில் ஒரு கணம் நம்பிக்கையோடு நின்றாள்.

"நீ படத்தைப் பார்த்தாயா?" என்றார் அவர்.

அன்று மாலையே மெமோ வந்தது. 'மேற்படி படத்தை எடுக்கும்போது தாங்கள் அதைப் பார்த்துள்ளதாக நிர்வாகத்தின் கவனத்துக்கு வந்துள்ளது. விழித்திரை ஆய்வு நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் விழித்திரையைப் பார்ப்பது ஒழுங்கு மீறல் என்பது தங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?' பார்க்காமல் எப்படிக் கருவியைச் சரிப்படுத்துவது என்று எழில் பதில் எழுதினாள். அது செயல்முறை சார்ந்த கேள்வி, ஒழுங்கு நடவடிக்கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று பதிலுக்குப் பதில் வந்தது.

இருந்தாலும் இயக்குநர் கல்நெஞ்சர் இல்லை. நெறிமுறைக் குழுவைக் கூட்டினார். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைவர். பொதுமக்கள் சார்பில் ஒருவர் இருந்தாக வேண்டும் என்பது விதி. அதற்குப் பட்டாசு மொதலாளியின் மைத்துனரைப் போட்டிருந்தார்கள். குழு காலையில் கூடி முந்திரிப்பருப்போடு சாயங்காலம் வரை விவாதித்தது. பேச்சு முழுக்கப் பிஸ்கோத்தைப் பற்றி.

"வெளிச்சங்களின் எண்ணிக்கை திடீரென்று ஏறியிருக்கிறது" என்றார் நீதிபதி. "ஏழைப் பெண்மணி. பிஸ்கோத்துக்கு ஆசைப்பட்டு அமுக்குகிறாரோ என்ற ஐயம் எழுகிறது. அப்படியானால் பிஸ்கோத்து ஒரு தூண்டுதல். தூண்டுதல் நெறிமுறைக்கு விரோதம்."

"க்ரீம் வச்சதா, சாதாவா?" என்று விசாரித்தார் பொதுமக்கள் பிரதிநிதி.

கடைசியில் கிழிசல் வந்தது. அதை அந்தப் பெண்ணிடம் சொல்லலாமா? சொன்னால் மன உளைச்சல் ஏற்படும். மன உளைச்சல் தரக்கூடிய ஒன்றைச் சொல்வதற்கு முன்னால் அவளிடம் சம்மதம் வாங்க வேண்டும். எதற்குச் சம்மதம் என்று அவள் கேட்டால் கிழிசலைச் சொல்ல வேண்டும். இந்த முடிச்சை அவிழ்ப்பதற்கு ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டது. பிஸ்கோத்து மறுநாளிலிருந்து நிறுத்தப்பட்டது.

எழிலை அச்சங்குளத்தில் நடக்கிற கணக்கெடுப்புக்கு மாற்றினார்கள். கிளம்புகிற அன்றைக்குச் சூலக்கரை பஸ் நிறுத்தத்தில் பாண்டிச்செல்வியைப் பார்த்தாள்.

"அக்கா, எதுக்கும் மதுரையில கண்ணு ஆஸ்பத்திரியில ஒரு தடவ காட்டிருங்களேன்."

"ஏம்மா, இங்கன இம்புட்டுப் பெரிய மிசினு இருக்கையில மதுரைக்கு எதுக்கு?"

எழில் வாயைத் திறந்தாள். ஒப்பந்தத்தில் அவள் போட்ட கையெழுத்து இருந்தது. வீட்டில் அவள் சம்பளத்தை நம்பி அப்பா இருந்தார். "சும்மாதான்க்கா. சீக்கிரமா போங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறி, இடம் இருந்தும் உட்காராமல் நின்றுகொண்டே போனாள்.

பாண்டிச்செல்வி வெள்ளந்தி. மறுநாள் இயக்குநரிடமே போய்க் கேட்டாள். "சார், ஒரு எட்டு மதுரைக்குப் போயிக் கண்ணக் காட்டிட்டு வரட்டா?"

"தாராளமாகப் போகலாம். அது உங்கள் உரிமை" என்றார் அவர். "போனால் ஆய்விலிருந்து விலகியதாக ஆகும். விலகியவர்களுக்குச் சான்றிதழ் தருவதற்கு விதியில் இடமில்லை."

பேப்பர் இல்லாமல் ரூமுக்குள் கால் வைக்க முடியாது. வீட்டில் மகள் பன்னிரண்டாவது படிக்கிறாள். ஊர்க்காவலன் ஒருத்தன் லோடு தூக்கி எத்தனை வாயை நிரப்புவான். பாண்டிச்செல்வி இருட்டறைக்குள் போய்த் தலையை உதற ஆரம்பித்தாள். பிஸ்கோத்து நின்றதற்குக் காரணம் தன் வேலையில் குறை என்று நினைத்துக்கொண்டு, முன்னைவிடப் பலமாக உதறினாள்.

அடுத்த வாரம் ஒரு மாற்றம் வந்தது. வலது கண்ணில் மூக்குப் பக்கத்திலிருந்து கறுப்பாக ஒன்று ஏறியது. முதலில் கண்ணாடிச் சட்டம் என்று நினைத்துத் தள்ளிவிட்டுக்கொண்டாள். கழற்றினாலும் அது இருந்தது. மறுநாள் இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது.

"சார், இந்த ஓரமா இருட்டிக்கிட்டு வருது சார். வெள்ளம் ஏறுற மாதிரி."

இயக்குநர் பேனாவை எடுத்தார். எடுத்த பேனா எழுதாமல் நின்றது. "வெளிச்சம் வருகிறதா என்பதுதான் நம்முடைய கேள்வி. அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்."

"வெளிச்சம் வருது சார். கூடவே இருட்டும் வருதே."

"அம்மா" என்றார் அவர், ரொம்பவும் கனிவாக. "அகவொளித் திட்டத்துக்கு அனுமதி வாங்கியிருப்பது வெளிச்சத்துக்கு மட்டும். இருட்டுக்கு வேறு திட்டம் இருக்கிறது. அதற்கு இன்னும் ஒப்புதல் வரவில்லை. ஒப்புதல் இல்லாமல் உங்கள் இருட்டை நான் கேட்டுக்கொண்டால், அது உங்களுக்கு இழைக்கிற அநீதி."

பாண்டிச்செல்வி யோசித்துப் பார்த்தாள். கம்பெனியிலும் அப்படித்தான். சக்கரம் சுற்றுகிறவர்களிடம் புஸ்வாணத்தைப் பற்றிக் கேட்டால் அந்த ரூமில் போய்க் கேள் என்பார்கள். பெரிய இடமென்றால் இப்படி இலாகா பிரித்துத்தான் வைத்திருப்பார்கள் என்று சமாதானமாகி, அதற்கப்புறம் இருட்டைப் பற்றிப் பேசவில்லை.

புரட்டாசியில் டெல்லியிலிருந்து குழு வந்தது. சாமியானா போட்டார்கள். பாண்டிச்செல்வியை மேடையில் நாற்காலி போட்டு உட்கார்த்தி ஒரு மாலையும் போட்டார்கள். மாலை போட்டவர் வலது பக்கமாக வந்ததால் கழுத்தில் விழுந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. திடுக்கிட்டதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டு கூட்டம் கைதட்டியது. டாக்டர் லட்சுமிகாந்தம் மைக்கைப் பிடித்தார்.

"இந்த நாட்டில் கண் மருத்துவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவர்கள் என்ன செய்கிறார்கள்? ஒருவர் கோளாறு என்று வந்ததும் அவசர அவசரமாகக் குணப்படுத்தி அனுப்பிவிடுகிறார்கள். அந்தக் கண் என்ன சொல்ல வந்தது என்று ஒருவராவது கேட்டதுண்டா? பேச ஆரம்பித்ததுமே வாயை அடைத்துவிடுகிறார்கள். நண்பர்களே, நாங்கள் குறுக்கிடவில்லை. எத்தனையோ சபலங்கள் வந்தன. எங்கள் ஊழியர் ஒருவரே இரக்கம் என்ற பலவீனத்துக்கு ஆளானார். அப்போதும் நாங்கள் குறுக்கிடவில்லை. ஒரு விழித்திரையை அதன் கடைசி வார்த்தை வரைக்கும் பேசவிட்ட முதல் நிறுவனம் என்று வரலாறு எங்களைக் குறிப்பிடும்."

பலத்த கைதட்டல். பட்டாசு மொதலாளியும் வந்திருந்தார். தன் தொழிலாளி இப்படி டெல்லி வரைக்கும் பெயர் வாங்கிவிட்டாளே என்று அவர் ஊர்க்காவலனின் தோளில் தட்டினார். அதற்கு முன்னால் மொதலாளி கை அவன் மேல் பட்டதில்லை.

கடைசி வார்த்தை அந்த வாரமே வந்துவிட்டது. ஒருநாள் காலையில் எவ்வளவு உதறியும் வலது கண்ணில் ஒன்றும் வெட்டவில்லை. மத்தியானம் வரை உதறினாள். கழுத்துதான் வலித்தது. இயக்குநர் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, வெளிச்சம் முற்றுப்பெற்றது என்று எழுதி ஆய்வை முடித்தார். சொன்ன சொல் மாறாமல் சான்றிதழும் கொடுத்தார். முத்திரை குத்தி, ஊதி, ஈரம் காய்ந்த பிறகு அவரே எழுந்து வந்து கையில் தந்தார்.

முத்துராமலிங்கம் அதை இரண்டு தடவை படித்தார். "'இவர் கண்டுவந்த இல்லாத வெளிச்சங்கள் யாவும் முற்றிலும் நின்றுவிட்டன.' பாத்தியா, வேலைன்னா இது வேல. ஒரு பொறி மிச்சம் வைக்காம நிப்பாட்டிருக்கானுக. போ, ரூமுல போய் உக்காரு. சீசன் கடைசி, சரக்கு நிக்குது."

சோலையம்மாள் எதிரே உட்கார்ந்து குழாய்களை அடுக்கினாள். கொஞ்ச நேரம் கழித்து வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"ஏத்தா, மருந்தக் குழாய்க்குள்ள போடுறியா, என் மடியில போடுறியா? டெல்லிக்காரன் மால போட்டதுல இருந்து நாங்கல்லாம் கண்ணுக்குத் தெரியலயாக்கும்."

பாண்டிச்செல்வி சிரித்துக்கொண்டே கையைத் தள்ளி வைத்தாள். மருந்து மறுபடியும் வெளியே கொட்டியது. சோலையம்மாள் சிரிக்கவில்லை. வெள்ளிப் பவுடர் அப்பின கையைப் சேலையில் துடைத்துவிட்டு, பாண்டிச்செல்வியின் இடது கண்ணை உள்ளங்கையால் பொத்தினாள்.

"எத்தன வெரலு காட்டுறேன்?"

"எங்கன காட்டுற?"

ரூமில் இருந்த மற்ற இரண்டு பேரும் வேலையை நிறுத்தினார்கள்.

"அடிப்பாவி, எப்ப இருந்து?"

"சீசன் முடிஞ்சா கம்பெனிய அடைச்சுப் போடுறாகள்ல, அது மாதிரி இம்புட்டு நாளு ஒழைச்ச கண்ணு கொஞ்ச நாளு லீவு எடுக்குதுன்னு நெனச்சேன்" என்றாள் பாண்டிச்செல்வி. "எல்லாம் முற்றிலும் நின்னுட்டதுன்னு பேப்பருலயே எழுதியிருக்காகள்ல."

ஊர்க்காவலன் லோடைப் பாதியில் போட்டுவிட்டு வந்தான். அச்சங்குளத்துக்கு ஆள் விட்டு எழிலைக் கூப்பிட்டார்கள். அவள் லீவு கேட்கக்கூட இல்லை, அப்படியே கிளம்பி வந்துவிட்டாள். மதுரை பஸ்ஸில் மூன்று பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். திருமங்கலம் தாண்டியதும் எழில், பாண்டிச்செல்வியின் காது பக்கமாகக் குனிந்து, லாடம் மாதிரி ஒரு கிழிசலைப் பார்த்த கதையைச் சொன்னாள். கேட்டு முடித்த பாண்டிச்செல்வி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். திட்டவும் இல்லை, பரவாயில்லை என்று சொல்லவும் இல்லை.

மதுரை டாக்டரம்மா கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். கொஞ்ச நேரத்திலேயே கோபம் வந்துவிட்டது.

"இது ஒண்ணு ரெண்டு நாள்ல வந்தது இல்ல. முழுசா உரிஞ்சு சுருண்டு கெடக்கு. எப்ப இருந்தும்மா வெளிச்சம் வெட்டுச்சு?"

"வைகாசியில ஒரு தடவ, ஆடியில ஒரு தடவ. ஆவணியில இருந்து தெனமும்."

"இவ்வளவு நாள் யார்கிட்டயும் கண்ணைக் காட்டாம என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

"தெனமும் காட்டிக்கிட்டுத்தாம்மா இருந்தேன்."

டாக்டரம்மா எழிலைப் பார்த்தார். எழில் தரையைப் பார்த்தாள். ஆப்பரேசன் செய்து பார்க்கலாம், ஆள் அசைவது, வெளிச்சம் நிழல் தெரிந்தால் அதிர்ஷ்டம், அதற்கு மேல் வாக்குக் கொடுக்க முடியாது என்று டாக்டரம்மா ஊர்க்காவலனிடம் சொன்னார். அவன் ஒவ்வொரு வார்த்தைக்கும் சரிங்கம்மா, சரிங்கம்மா என்றான்.

பிறகு இடது கண்ணைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். "இதுலயும் ஓரமா ஒரு இடம் நைஞ்சிருக்கு. இன்னும் கிழியல. இப்பவே ஒட்டிரலாம். இங்க வந்து தாடைய வைங்க. அசையாம மட்டும் இருந்தாப் போதும்."

பாண்டிச்செல்வி தாடையை வைத்தாள். சொட்டு மருந்து குளிர்ச்சியாக இறங்கியது. பச்சை வெளிச்சம் வரிசையாக வெட்டியது. அவள் அசையவில்லை. புடவைத் தலைப்பைச் சுருட்டி ஒரு சுற்றுச் சுற்றி முடிக்கிற நேரம்தான் ஆகியிருக்கும்.

"முடிஞ்சது. எந்திரிங்க. வெளிய அரை மணி உக்காந்துட்டு, சாப்பிட்டு பஸ் ஏறலாம்."

பாண்டிச்செல்வி எழுந்திருக்கவில்லை. அடுத்த ஆள் வந்து வாசலில் நின்றாள். டாக்டரம்மாவுக்குக் கோபம் தணிந்திருந்தது. பாண்டிச்செல்வியின் தோளைத் தொட்டார்.

"வலிக்குதாம்மா?"

"இல்லம்மா. வலியே இல்ல."

"பின்ன என்ன?"

"ஒண்ணுமில்ல" என்றாள் பாண்டிச்செல்வி. "அம்புட்டுத்தானான்னு பாக்கேன்."